அணையா அடுப்பு

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் பெருவழியில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் உளது. அதனைக் கடந்து செல்வோர் குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்களையும் காண்பர். சாவடி என்பது வழிநடந்து வருவோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கித் தங்குதற்குரிய பொதுவிடமாகும். கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் மக்கள் நெடுந்தொலைவு சென்ற காலத்தில், முன்பின் அறியாதவர்க்கும் இடம் தந்து உதவியவை சாவடிகளே. இன்று அப்பெருவழியில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இரவு பகலாக விரைகின்றன. திண்ணை தேடி நிற்பார் இலர். ஆயினும் வழிப்போக்கரைப் பேணிய பழைய அறத்தை அவ்வூர்களின் பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். ஆதலின் விருந்தினர் என்போர் புதியராய் வந்தவரே ஆவர். உற்றாரையும் நண்பரையும் உண்பித்தல் அன்பின் இயல்பு. அதனை எவரும் செய்வர். பெயரும் ஊரும் அறியாத ஒருவன் பசியோடு வாயிலில் நிற்கும்பொழுது அவனை உள்ளே அழைத்து அமுதிடுதலே விருந்தோம்பல் என்னும் அறத்தின் உயிர்நிலையாகும்.

இவ்வறம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எபிரேய மக்களின் பழந்திருமறையிலும் இது சிறப்பிடம் பெற்றுள்ளது. அம்மக்களின் முன்னோராகிய ஆபிரகாம் நண்பகல் வெயிலில் தம் கூடாரத்தின் வாயிலில் அமர்ந்திருந்தார். அறியாதவர் மூவர் எதிரே நிற்கக் கண்டதும் அம்முதியவர் ஓடிச் சென்று பணிந்து அவர்களை அழைத்தார். கால் கழுவ நீர் தந்து, மரநிழலில் இருத்தி, அப்பமும் பாலும் வெண்ணெயும் இறைச்சியும் படைத்துத் தாம் அருகில் நின்று உண்பித்தார். உண்ட விருந்தினர், மகப்பேறின்றி முதுமை எய்தியிருந்த அவர்தம் மனைவி சாராளுக்கு ஒரு மைந்தன் பிறப்பான் என உரைத்துச் சென்றனர். அவ்வாறே ஈசாக்கு பிறந்தான். அம்மறை கூறும் வரலாறு இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வறத்தையே தம் வாழ்வின் நடுவண் வைத்துப் போற்றிய தமிழ்ப் பெரியார் ஒருவர் இருந்தார். அவரே வள்ளலார் எனப் புகழப்பெறும் இராமலிங்க அடிகள்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு இராமையா பிள்ளை என்பவர் ஊர்க்கணக்கராகவும் பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். அவருடைய மனைவியார் சின்னம்மையார். இவ்வம்மையார் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்தைப் பிறந்தகமாகக் கொண்டவர். ஒரு நாள் நண்பகலில், கணவர் இல்லாத வேளையில், அடியார் ஒருவர் பசியால் வாடி இல்லத்தின் வாயிலில் வந்து நின்றாராம். அம்மையார் அவர் யார், எவ்வூரினர் என்று வினவாது இலையிட்டு அமுது படைத்தார். உண்டு மகிழ்ந்த அடியார், உலகம் போற்றும் மகன் ஒருவன் பிறப்பான் என வாழ்த்திச் சென்றார் என அடிகளின் வரலாறு உரைப்போர் கூறுவர். கடல் கடந்த ஒரு நாட்டிலே சாராளின் கூடாரத்திலும், தமிழ்நாட்டிலே சின்னம்மையாரின் சிற்றில்லத்திலும் விருந்தோம்பலின் பயன் ஒன்றுபோலவே சொல்லப்படுதல் எண்ணி மகிழத்தக்கது.

1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் இராமலிங்கர் அவர்களுக்கு ஐந்தாம் மகவாகத் தோன்றினார். குழந்தைப் பருவத்திலேயே அவர் தந்தையை இழந்தார். சின்னம்மையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு முதலில் பிறந்தகம் சென்றார். பின்னர்ச் சென்னையில் குடியேறினார். மூத்த மகனாகிய சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு ஆற்றிப் பொருள் ஈட்டிக் குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பி கற்றுப் புலவனாக வேண்டும் என்பது தமையனாரின் விருப்பம். தம்முடைய ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே அவரைக் கற்க விடுத்தார். இளைஞரோ ஏட்டுக் கல்வியில் மனம் செலுத்தினாரிலர். கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடுதலையே பெரிதும் விரும்பினார். சினங்கொண்ட தமையனார், தம்பியை வீட்டினுள் சேர்த்தலும் ஆகாது, உணவிடுதலும் ஆகாது எனத் தம் மனைவியாருக்குக் கட்டளையிட்டார்.

அந்நாள்களில் இராமலிங்கர் பசித்த வயிற்றோடு தெருவிலே திரிந்தார். உண்ணும் வேளைகளில் அவர் வீட்டின் பின்புறம் வந்து நிற்பார். அண்ணியாராகிய பாப்பாத்தியம்மையார் கணவர் அறியாமல் அவருக்குச் சோறிட்டு வந்தார். கணவர் சொல்லைக் கடத்தல் அவருக்கு அச்சம் தந்தது. பிள்ளையின் பசியைக் கண்டிருத்தல் அதனினும் பெருந்துன்பம் தந்தது. ஒருநாள் தந்தையாரின் நினைவு நாள் வந்தது. வந்தோர் பலரும் முன்வாயிலில் நுழைந்து வயிறார உண்டு சென்றனர். அவ்வீட்டுப் பிள்ளையோ பின்வாயிலில் நின்றார். அதனைக் கண்ட அம்மையார் கண்ணீர் உகுத்தார். தம்பொருட்டு ஒருவர் அழுதலைப் பொறாத இராமலிங்கர் இனி வீட்டிலிருந்து கற்பதாக உறுதி கூறினார். மாடியில் தனியறை ஒன்று பெற்று அங்கே வழிபாட்டிலும் படிப்பிலும் ஈடுபட்டார்.

எபிரேயரின் திருமறையில் கட்டளை ஒன்று உண்டு. அயல்நாட்டிலிருந்து வந்து தங்கியவனைத் துன்புறுத்தலாகாது, தன்னாட்டவன்போலவே அவனிடத்தும் அன்பு செலுத்தல் வேண்டும் என்று அது பணிக்கின்றது. அதற்கு அது காட்டும் காரணம் ஆழ்ந்த பொருளுடையது. அம்மக்களும் ஒருகாலத்தில் எகிப்து நாட்டில் அயலாராய் இருந்து துன்புற்றவரே என்பது அக்காரணம். துன்பத்தைத் தான் துய்த்து அறிந்தவன் பிறர் துன்பத்தை எளிதில் உணர்வான். தம் வீட்டின் பின்புறத்திலேயே அயலார்போல நின்று உண்ட பிள்ளை, பிற்காலத்தில் எவர்க்கும் அடைக்கப்படாத வாயில் ஒன்றைத் திறந்தது வியப்பன்று.

சென்னை வாழ்வு

ஒருநாள் தமையனார் உடல் நலிவுற்றமையால் அவர் ஆற்றவிருந்த சொற்பொழிவை ஆற்றும் பொறுப்பு இராமலிங்கர்க்கு வாய்த்தது. அவர் பெரியபுராணத்தை எடுத்து விளக்கிய திறம் கண்டு அவையினர் வியந்தனர். பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், முன்னர்க் கூறிய வேலப்பன்சாவடிக்குத் தெற்கே அண்மையில் உள்ளது. அந்நூலில் இளையான்குடி மாறனார் என்னும் அடியார் வரலாறு வருகின்றது. வறுமையுற்ற காலத்தில் மழை பெய்யும் நள்ளிரவில் விருந்தினர் ஒருவர் வர, அன்று பகலில் விதைத்த நெல்முளையை வயலிலிருந்து வாரிக் கொணர்ந்து, அதனை மனைவியார் சமைக்க, அவர் விருந்தோம்பினார். இத்தகைய வரலாறுகளில் ஊறிய உள்ளம் இராமலிங்கர் உள்ளம்.

அவர் பல்லாண்டுகள் திருவொற்றியூருக்கு நடந்து சென்று இறைவனை வழிபட்டார். சென்னைக்கு மேற்கே உள்ள திருமுல்லைவாயில், பாடி எனப்படும் திருவலிதாயம் ஆகிய தலங்களின் இறைவனையும் பாடினார். தொண்டை நாட்டின் சிறப்புரைக்கும் தொண்டைமண்டல சதகத்தை ஆராய்ந்து பதிப்பித்தார். மனுநீதிச் சோழன் வரலாற்றை மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலாக 1854ஆம் ஆண்டில் வெளியிட்டார். உற்றாரின் வற்புறுத்தலால் 1850ஆம் ஆண்டில் திருமணம் நிகழ்ந்ததாயினும் அவர் உள்ளம் இல்வாழ்வில் பற்றவில்லை. 1858ஆம் ஆண்டில் சென்னையை விட்டுத் தென்றிசை நோக்கிச் சென்றார். வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழி என்னும் ஊரில் வேங்கட ரெட்டியார் என்பவர் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். விருந்தோம்பலைப் பிறர்க்கு உணர்த்தப் புகுந்த அடிகள் தாமும் ஒருவர் இல்லத்தில் விருந்தினராய் வாழ்ந்தவர் என்பது கருதத்தக்கது.

பசியின் கொடுமை

அக்காலத்தில் நாட்டில் மழை பொய்த்தது, விளைவு குன்றியது. 1866ஆம் ஆண்டில் ஒரிசாவில் பெரும்பஞ்சம் தோன்றி எண்ணிறந்தோரை மாய்த்தது. சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் விலைவாசி ஏறி ஏழை மக்கள் அல்லலுற்றனர். உணவு தேடி ஊர்விட்டு ஊர் செல்வோரைப் பெருவழிகளிலே காண முடிந்தது. வழிப்போக்கர்க்கு உணவிடும் சத்திரங்கள் அந்நாளில் இல்லாமலில்லை. ஆயினும் அவற்றுட் பல ஒரு சாரார்க்கே உரியனவாய் இருந்தன. சோறிடுமுன் சாதியை வினவுதல் வழக்கமாயிருந்தது. பசித்து வந்தவன் வினாவுக்கு விடை கூறியபின்னரே தான் உண்பானோ வெறுங்கையுடன் மீள்வானோ என்பதை அறிவான்.

இந்நிலையை அடிகள் மாற்றக் கருதினார். பசி என்பது எல்லா உயிர்க்கும் பொதுவாகிய பிணி. அது வந்தபோது உடல் தளரும், கண் ஒளி மங்கும், அறிவு மயங்கும், மானம், கல்வி, உறுதி யாவும் ஒருங்கே அழியும். உணவு உட்சென்றபோதோ அழிந்தவை எல்லாம் மீண்டும் தளிர்க்கும். ஆதலின் பசியை நீக்குதலே உயிர்களுக்குச் செய்யும் உதவிகளுள் முதன்மையானது என்று அவர் தெளிந்தார். பசித்தவர் எந்நாட்டினர், எச்சமயத்தினர், எச்சாதியினர், எத்தகைய ஒழுக்கத்தினர் என ஆராயாமல் உணவிடல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. இதனை அவர் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் விரித்துரைத்தார்.

இந்நெறிக்கு மாறாக ஒரு தடை எழுப்பினோர் உண்டு. வறியவர் துன்புறுதல் அவரவர் முன்வினையின் பயன். இறைவன் விதித்த தண்டனையில் நாம் குறுக்கிடலாமா என்று அவர்கள் வினவினர். அடிகள் அதற்குத் தக்க விடை தந்தார். அரசன் பெருங்குற்றம் புரிந்தவர்களைச் சிறையில் இடுகின்றான். ஆயினும் அவர்களுக்குத் தன் ஏவலரைக் கொண்டு உணவு கொடுப்பிக்கின்றான். தண்டனை வேறு, பட்டினி வேறு. மண்ணுலகத்து அரசனுக்கே அவ்வளவு இரக்கம் உண்டாயின், எல்லா உயிர்க்கும் தந்தையாகிய இறைவன் ஒருவன் பசித்திருத்தலை விரும்புவானோ என்பது அவர்தம் வாதம்.

அடிகள் புலால் உண்ணாமையை மிக வற்புறுத்தியவர். புலால் மறுத்தோரை அகவினத்தார் என்றும், மறாதோரைப் புறவினத்தார் என்றும் அவர் பிரித்தார். புறவினத்தாரோடு நெருங்கிய பழக்கம் கொள்ளுதலை அவர் விரும்பவில்லை. எனினும் அவர்க்கும் பசி வந்தபோது அதனைத் தீர்த்தே ஆகவேண்டும் என விதித்தார். தமக்கு உடன்பாடில்லாத ஒழுக்கமுடையவனுக்கும் சோறு மறுக்கலாகாது என்னும் இவ்விடத்திலேதான் அடிகளின் அருளுள்ளம் முழுமையாகப் புலப்படுகின்றது. தம்மோடு ஒத்தவர்க்கு ஈதல் எளிது. ஒவ்வாதவர்க்கு ஈதலே அரிது.

தருமச்சாலை

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியும் வடலூரில் வந்து கூடுகின்றன. நாற்றிசையினரும் கடந்து செல்லும் அவ்விடம் வழிப்போக்கர்க்கு உணவிடுதற்கு மிகவும் ஏற்றது. அங்கே பார்வதிபுரம் என்னும் ஊரினர் அடிகளின் கருத்தை அறிந்து ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அவர்களுட் பலர் உழுது உண்ணும் குடியினர். அவர்கள் தம் நிலத்தைத் தாம் என்றும் கண்டிராத மக்களின் பசிக்காகக் கொடுத்தனர். எபிரேயரின் சட்டத்தில், கதிர் அறுப்போர் வயலின் ஓரங்களை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிடல் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கணவனை இழந்து அயல்நாட்டிலிருந்து வந்த ரூத் என்னும் பெண், அவ்வாறு விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கியே தன்னையும் தன் மாமியையும் காத்தாள். வயலின் ஓரத்தை விடுதல் நல்லறம். பார்வதிபுரத்து மக்களோ வயலையே விட்டனர்.

1867ஆம் ஆண்டு மே திங்கள் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று அது கூரை வேய்ந்த எளிய கட்டடமாகவே இருந்தது. அத்தொடக்க விழாவில் சீவகாருணிய ஒழுக்கத்தின் ஒரு பகுதி மக்கள் கேட்கப் படிக்கப்பெற்றது. ஏறத்தாழ 21 அடி நீளமுள்ள அடுப்பு ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. அன்று மூட்டிய தீயை அணையவிடலாகாது என்பது அடிகளின் ஆணை. எந்நேரத்தில் எவர் வரினும் உணவு ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தே அவ்வாணைக்கு அடிப்படையாகும். வந்தவனைக் கண்டபின் தீ மூட்டத் தொடங்கினால் அவன் பசியோடு காத்திருக்க நேரும். தீ எரிந்துகொண்டே இருப்பின், வருவான் ஒருவனை வீடு எதிர்நோக்கியிருக்கின்றது என்பது பொருள்.

அறச்சாலை நடத்துதல் எளிய செயலன்று. வருவோர் தொகை நாளுக்கு நாள் பெருகியது, கையிருப்பு சுருங்கியது. ஒருநாள் சாலையில் அரிசி தீர்ந்துவிட்டது. மறுநாள் வருவோர்க்கு என் செய்வது என அதன் பொறுப்பாளராகிய சண்முகம் பிள்ளை கலங்கி அடிகளிடம் முறையிட்டார். அடிகள் சிறிது நேரம் அமைதியாய் இருந்து, கவலற்க, நாளை வேண்டுவன வரும் எனத் தேற்றினார். மறுநாள் காலையில் திருத்துறையூரைச் சார்ந்த அன்பர் ஒருவர் அரிசியும் பிற பொருள்களும் ஏற்றிய வண்டிகளோடு வந்து நின்றார் என்பர். பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊரைச் சார்ந்த கைம்பெண் ஒருத்தி, தனக்கும் தன் மகனுக்கும் கடைசி உணவாக எஞ்சியிருந்த ஒரு பிடி மாவையும் சிறிது எண்ணெயையும் கொண்டு எலியா என்னும் அயலார்க்கு அப்பம் சுட்டுத் தர, பஞ்சம் தீருமளவும் அவள் பானையில் மாவும் கலயத்தில் எண்ணெயும் குறையவில்லை என எபிரேயத் திருமறை கூறும். இத்தகைய வரலாறுகளைக் கேட்போர், ஈகை செய்பவன் வறியனாகான் என்னும் நம்பிக்கை இரு நாட்டிலும் வேரூன்றியிருந்ததை உணரலாம்.

பிற்கால வாழ்வு

தருமச்சாலை தொடங்கப்பெற்ற 1867ஆம் ஆண்டிலேயே அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் நூலாக வெளிவந்தன. அடிகளின் மாணவராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றைத் தொகுத்து உதவினார். அடிகள் தருமச்சாலையை வயிற்றுப் பசிக்கு அமைத்ததோடு அமையாது, அறிவுப் பசிக்கும் வழி கண்டார். திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்து எளிய மக்களும் குறள் நெறியை உணருமாறு செய்தார்.

1870ஆம் ஆண்டில் வடலூருக்கு அருகிலுள்ள மேட்டுக்குப்பத்திற்குச் சென்று சித்திவளாகம் என்னும் இல்லத்தில் உறைந்தார். 1872ஆம் ஆண்டு தைப்பூச நன்னாளில் வடலூரில் எண்கோண வடிவமைந்த சத்திய ஞானசபையில் சோதி வழிபாட்டைத் தொடங்கினார். முதலில் உணவுச்சாலை, அதன்பின் வழிபாட்டுச் சபை என அவர் அமைத்த முறையை உற்று நோக்கினால், பசி நீங்கிய பின்னரே வழிபாடு என்னும் அவர்தம் உள்ளக்கிடக்கை தெளிவாகும்.

1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் அடிகள் சித்திவளாகத்துத் தம் அறையினுள் புகுந்து தாளிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். அவர் இறைவனோடு சோதியில் கலந்தார் என அன்பர்கள் போற்றுகின்றனர்.

அடிகள் மறைந்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் ஒன்று வாட்டியது. பல இலட்சம் மக்கள் உணவின்றி மாண்டனர். பசியே கொடிய பிணி என்று அடிகள் கூறியது எத்துணை மெய்ம்மையானது என்பதை நாடு கண்ணீரோடு உணர்ந்தது.

வடலூர்த் தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டில் மூட்டிய தீ இன்றும் அணையாது பேணப்பட்டு வருகின்றது. நாள்தோறும் அங்கே வருவோர் உணவு பெறுகின்றனர். அடிகள் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. தைப்பூச நாளில் பல்லாயிரவர் வடலூரில் கூடுகின்றனர். அவர்களுட் செல்வரும் உண்டு, வறியரும் உண்டு. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்பொழுது இன்னார் இன்னார் என்று பிரித்தறிதல் இயலாது.

சாவடிகளும் சத்திரங்களும் காலத்தால் மறையலாம். வழிப்போக்கன் மறைவதில்லை. பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்தும் வேற்று நாட்டிலிருந்தும் வந்து, மொழி அறியாமல் நம் தெருவில் நிற்பவனும் வழிப்போக்கனே. அவனிடம் யார் என்று கேட்பதற்கு முன்னர், உண்டாயா என்று கேட்பதே இராமலிங்க அடிகள் வாழ்ந்து காட்டிய நெறியாகும். அந்நெறியைக் கைக்கொள்ளும் இல்லம் எதுவாயினும் அங்கே அவ்வடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.